கேஸ் எங்கே போகிறது?

(செப்டம்பர் 16 உலக ஓசோன் தினத்தையொட்டி நம் சமூகக் கூடத்தில் நடந்த மாலைக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஏ.சி. மெக்கானிக் ஒருவர் ஆற்றிய உரை. "தொழில்நுட்பம் உண்டாக்கிய பிரச்சினையைத் தொழில்நுட்பமே தீர்க்குமா?" என்பது அவருக்குக் கொடுத்த தலைப்பு. ஒலிப்பதிவிலிருந்து எழுதி, அவரிடம் காட்டித் திருத்தி வெளியிடுகிறோம்.)



செயலாளர் போன மாதம் என்னை லிஃப்டில் பிடித்தார். "சார், ஓசோன் தினத்துக்கு நீங்கதான் பேசணும்" என்றார். "எனக்குப் பேச்செல்லாம் வராதுங்க, ஏ.சி. ரிப்பேர்தான் வரும்" என்றேன். "அதையே பேசுங்க" என்று சொல்லிவிட்டு நான்காவது மாடியில் இறங்கிக்கொண்டார். அதனால் இன்று ஏ.சி.யைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தலைப்பு பெரியது. என் பதில் சின்னதுதான். ஆனால் அந்தப் பதிலுக்கு வர ஒரு நூறு வருடக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் நம் வளாகத்தில் நடந்த ஒன்று. இந்த ஏப்ரலில் டி பிளாக்கிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார்கள். "அண்ணா, ஏ.சி.யில காத்துதான் வருது, குளிர் இல்லை. மெக்கானிக் வந்து பார்த்துட்டு கேஸ் கம்மியா இருக்குன்னு சொல்றார். போன வருஷமும் போட்டோம், அதுக்கு முந்தின வருஷமும் போட்டோம். வருஷா வருஷம் கேஸ் தீர்ந்து போகுமா?"

நல்ல கேள்வி. பதில், தீராது. சமையல் கேஸ் எரிகிறது, அதனால் தீர்கிறது. வண்டியில் பெட்ரோலும் அப்படித்தான். ஏ.சி.யில் இருக்கும் கேஸ் எரிவதில்லை. வீட்டுக்குள் ஆவியாகி அறையின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. வெளியே இருக்கும் யூனிட்டில் அழுத்தப்பட்டுத் திரவமாகி, அந்தச் சூட்டை விட்டுவிட்டுத் திரும்ப உள்ளே வருகிறது. செப்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ஓட்டை இல்லையென்றால் வாங்கிய அன்று இருந்த கேஸ் பத்து வருடம் கழித்தும் இருக்கும். கேஸ் குறைந்திருக்கிறது என்றால் ஒரே அர்த்தம்தான், எங்கோ கசிகிறது.

போய்ப் பார்த்தேன். உள் யூனிட்டுக்குப் பின்னால், குழாய்கள் சேரும் இடத்தில் ஒரு நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. கசியும் கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் வரும், அதுதான் அடையாளம். சோப்பு நுரை தடவினோம், குமிழி கிளம்பியது. வந்திருந்த மெக்கானிக் தம்பியும் நானும் சேர்ந்து, மிச்சமிருந்த கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைத்துவிட்டு, குழாய் முனையை வெட்டிப் புதிதாக விரித்து மாட்டினோம். ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாமல் வருடா வருடம் கேஸ் போட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்குப் பணம் போனது தெரியும். கேஸ் எங்கே போனது? அதுதான் இன்றைய பேச்சு.

நல்ல கேஸ் வந்த கதை

1920-களில் ஃப்ரிட்ஜை வீட்டில் பயந்து பயந்துதான் வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தது அமோனியா, சல்ஃபர் டை ஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு போன்றவை. ராத்திரி கசிந்தால் தூங்குகிறவர்கள் உயிருக்கே ஆபத்து. அந்தப் பயம் எவ்வளவு தூரம் போனது என்றால், ஆல்பர்ட் ஐன்ஸ்டீனே லியோ சிலார்டுடன் சேர்ந்து, அசையும் பாகமே இல்லாத, கசிய வழியில்லாத ஒரு ஃப்ரிட்ஜை வடிவமைத்து 1930-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்.

அந்த நேரத்தில்தான் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கப் பொறியாளரும் அவருடைய குழுவும் 1928-இல் ஒரு புது கேஸைக் கொண்டுவந்தார்கள். கார்பன், குளோரின், ஃப்ளோரின் மூன்றும் சேர்ந்தது. சி.எஃப்.சி. என்று பிற்பாடு நாம் கேள்விப்பட்டது அதைத்தான். எரியாது, விஷமில்லை, நாற்றம் இல்லை. 1930-இல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த கேஸை நெஞ்சு நிறைய இழுத்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமில்லை, எரியாது என்று ஒரே மூச்சில் இரண்டையும் நிரூபித்துவிட்டார்.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அது உண்மையான பிரச்சினைக்கு வந்த உண்மையான தீர்வு. சமையலறையில் பயமில்லாமல் ஃப்ரிட்ஜ் வந்தது. ஏ.சி. வீட்டுக்குள் வந்தது. மிட்ஜ்லி 1944-இல் இறந்தார். தான் செய்தது என்ன செய்யப்போகிறது என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

அந்த கேஸின் பெரிய பெருமையே எதோடும் சேராமல் அப்படியே இருப்பதுதான். வினையும் அதுதான். மழையில் கரையாது, கீழ்க்காற்றில் சிதையாது. மெதுவாக மேலே ஏறிக்கொண்டே போகும். பதினைந்து, இருபது கிலோமீட்டருக்கு மேலே, ஓசோன் இருக்கும் இடத்துக்கே போய்விடும். அங்கே சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரின் வெளியே வருகிறது. ஒரு குளோரின் அணு ஏறத்தாழ ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்கும். அந்த ஓசோன்தான் புற ஊதாக் கதிரை நம் தோலுக்கும் கண்ணுக்கும் வராமல் தடுக்கிற குடை.

கண்டுபிடித்தது யார்?

இதைக் கண்டுபிடித்ததும் தொழில்நுட்பம்தான். ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கிலேயர் காற்றில் மிகச் சொற்ப அளவில் இருப்பதையும் காட்டக்கூடிய ஒரு கருவியை 1950-களில் செய்தார். அதைக் கப்பலில் எடுத்துக்கொண்டு 1971-இல் கடற்பயணம் போனார். நடுக்கடலிலும் சி.எஃப்.சி. இருந்தது. ஆனால் அதனால் ஆபத்து எதுவும் இல்லை என்றுதான் அவரும் எழுதினார். அளந்தவருக்கே அர்த்தம் புரியவில்லை.

1974-இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் மேலே போன கேஸ் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். கேஸ் தயாரிக்கும் கம்பெனிகள் ஒப்புக்கொள்ளவில்லை. பத்து வருடம் இழுத்தது. 1985-இல் பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மூன்று பேர், ஹாலி பே என்ற இடத்திலிருந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். வசந்த காலத்தில் அங்கே ஓசோன் பயங்கரமாகக் குறைகிறது என்று. அவர்கள் கையில் இருந்தது 1920-களின் வடிவமைப்பில் வந்த ஒரு பழைய தரைக் கருவி. மேலே நாசாவின் செயற்கைக்கோளும் அதே குறைவைப் பார்த்திருந்தது. ஆனால் எண்கள் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்ததால் சந்தேகக் குறி போட்டுவைத்திருந்தார்கள்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கருவி சரியாகத்தான் சொன்னது. அதை நம்பி உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. 1987 செப்டம்பர் 16-இல் மான்ட்ரியலில் ஒப்பந்தம் ஆனது. அதனால்தான் இன்று இந்தக் கூட்டம். இந்தியா 1992-இல் சேர்ந்தது. மாறுவதற்கு ஆகும் செலவில் வளரும் நாடுகளுக்கு உதவ ஒரு நிதியும் வைத்தார்கள். பிறகு உலகத்தின் எல்லா நாடுகளும் கையெழுத்துப் போட்டுவிட்டன. 1995-இல் மொலினா, ரோலண்ட், கூட பால் க்ரூட்சன் மூவருக்கும் நோபல் பரிசு. இன்று விஞ்ஞானிகள் சொல்வது, இப்படியே போனால் அண்டார்டிகாவின் மேலே ஓசோன் 2066 வாக்கில் 1980-இல் இருந்த நிலைக்குத் திரும்பிவிடும், உலகத்தின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலேயே.

இங்கேயே முடித்துவிட்டால் தலைப்புக்கு "ஆமாம், தீர்க்கும்" என்று பதில் சொல்லிவிட்டுக் காபிக்குப் போகலாம். கதை இன்னும் முடியவில்லை.

மருந்துக்கு மருந்து

சி.எஃப்.சி.க்குப் பதிலாக என்ன? வீட்டு ஏ.சி.யில் ஆர்-22 இருந்தது. அதிலும் குளோரின் உண்டு, ஆனால் ஓசோனுக்கு அது செய்யும் கெடுதல் சி.எஃப்.சி. செய்வதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. கொஞ்ச காலத்துக்கு இது இருக்கட்டும் என்று விட்டார்கள். அடுத்து, குளோரினே இல்லாத ஆர்-410ஏ வந்தது. ஓசோனுக்குக் கெடுதல் இல்லை. நாங்கள் எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டோம்.

ஆனால் அது பூமியைச் சூடாக்கும். ஒரு கிலோ ஆர்-410ஏ வெளியே போனால், நூறு வருடக் கணக்கில், 2,088 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு விட்டதற்குச் சமம். ஆர்-22-க்கு அது 1,810. ஒரு நோய்க்குக் கொடுத்த மருந்து இன்னொரு நோயை வளர்த்தது. அதனால் 2016-இல் ருவாண்டா நாட்டின் கிகாலியில் மறுபடி உட்கார்ந்து, இந்த வகை கேஸ்களையும் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். இந்தியா 2021-இல் அதை ஏற்றது. 2032-இல் குறைக்கத் தொடங்கி 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும்.

இப்போது கடையில் நீங்கள் வாங்கும் ஏ.சி.யில் பெரும்பாலும் ஆர்-32 இருக்கும். அதன் எண் 675. முன்னதைவிட மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் லேசாக எரியும். ஆர்-290 என்று இன்னொன்று இருக்கிறது. அது சுத்தமான புரொப்பேன், நம் சமையல் சிலிண்டரில் இருப்பதன் சொந்தக்காரன். சூடாக்கும் அளவு மிக மிகக் குறைவு. நன்றாகவே எரியும். எரியாத கேஸ் வேண்டும் என்று கிளம்பிய பயணம், நூறு வருடம் கழித்து எரியும் கேஸிடமே வந்து நிற்கிறது. சிரிப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் போன இடத்துக்கே திரும்பி வரவில்லை. இன்று அளவு குறைவு, ஒரு சின்ன ஏ.சி.க்குச் சில நூறு கிராம் போதும். எந்த அளவு அறைக்கு எவ்வளவு கேஸ் என்று விதி இருக்கிறது. ஆபத்து என்ன என்று தெரிந்தே செய்கிறோம்.

என் பங்கு

இப்போது நான் ஒன்று சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாமல் இவ்வளவு நேரம் பேசியது சரியாகாது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது, ஒரு ஏ.சி.யைக் கழற்ற வேண்டும் என்றால் முதல் வேலை நட்டைத் தளர்த்தி கேஸைத் திறந்து விடுவது. உஸ்ஸ் என்று சத்தம் வரும். சத்தம் நின்றதும் வேலை ஆரம்பம். புதிதாக மாட்டும்போது குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேக்யூம் பம்ப் வைக்க வேண்டும். பம்பை மூன்று மாடி தூக்கிப் போகச் சோம்பல்பட்டு, கேஸையே விட்டுக் காற்றைத் தள்ளுவோம். என் குருநாதர் அப்படிச் செய்தார், நானும் செய்தேன், என்னிடம் வேலை கற்ற பையன்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். யாரும் தப்பு என்று சொல்லவில்லை. நிறமில்லை, நாற்றமில்லை, பிறகு என்ன?

வாரத்துக்கு ஒரு கிலோ என்று குறைத்தே கணக்கு வைத்தாலும், இருபது வருடத்தில் ஆயிரம் கிலோ ஆகிறது. ஆயிரம் கிலோ ஆர்-22 என்றால் 1,800 டன் கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். கையால் ஒரு ஸ்பேனரைத் திருப்பி நான் ஒரே ஆள் செய்தது. பிறகு ஒரு பயிற்சி வகுப்பில்தான் இந்தக் கணக்கை முதலில் கேட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வரும். அப்படியானால் ஒரு கிலோ ஆர்-22-ஐத் திறந்து விடுவது ஏறக்குறைய 790 லிட்டர் பெட்ரோல் எரிப்பதற்குச் சமம். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் தரும் காரில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு எட்டு முறை போய்வரலாம். ஒரு ஸ்பேனர், அரை நிமிடம்.

மான்ட்ரியலில் மந்திரிகள் கையெழுத்துப் போட்டார்கள், விஞ்ஞானிகள் நோபல் பரிசு வாங்கினார்கள், கம்பெனிகள் புது கேஸ் கொண்டுவந்தன. இத்தனைக்கும் கடைசியில் இருப்பது மொட்டை மாடியில் குந்தி உட்கார்ந்திருக்கும் ஒரு மெக்கானிக்கின் கை. அவன் பின்னால் நின்று, "சீக்கிரம் முடிப்பா, எவ்வளவு ஆகும்?" என்று கேட்கும் வீட்டுக்காரர். தொழில்நுட்பம் அந்த இடம் வரைக்கும்தான் வரும். அதற்கு மேல் நாம்தான்.

இதுதான் என் பதில். தொழில்நுட்பம் தான் செய்த கெடுதலைத் தீர்க்கும், தீர்த்தும் இருக்கிறது. ஆனால் தானாகத் தீர்க்காது. அளந்து பார்க்க ஆள் வேண்டும், எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும், ஒப்புக்கொண்டதைக் கடைசி நட்டு வரைக்கும் செய்ய வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் ஓட்டைதான். 2018-இல் ஒரு சம்பவம். நிறுத்தியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்த சி.எஃப்.சி.-11, காற்றில் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை என்று கண்டுபிடித்தார்கள். கொரியாவிலும் ஜப்பானிலும் இருந்த அளவு நிலையங்களின் கணக்கை வைத்து, கூடுதலாக வந்ததில் கணிசமான பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வருகிறது என்று அடுத்த வருடமே கண்டார்கள். விஷயம் வெளியே வந்த பிறகு அது குறைந்தது. தொடர்ந்து அளந்துகொண்டிருந்ததால்தான் தெரிந்தது.

நாம் என்ன செய்யலாம்?

நம் வளாகத்தில் 96 வீடு. வீட்டுக்கு இரண்டு ஏ.சி. என்று வைத்தால் 192. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரு கிலோ கேஸ். நம் தலைக்கு மேலேயும் பால்கனிக்கு வெளியேயும் கிட்டத்தட்ட 190 கிலோ கேஸ் தொங்கிக்கொண்டிருக்கிறது. அது உள்ளேயே இருக்குமா, வெளியே போகுமா என்பது நம் கையில். அதற்குச் சில விஷயங்கள்.

ஒன்று. மெக்கானிக் "கேஸ் கம்மி" என்றால், "எங்கே கசிகிறது, முதலில் அதைக் காட்டுங்க" என்று கேளுங்கள். கசிவை அடைக்காமல் கேஸ் போடச் சம்மதிக்காதீர்கள். கசிவு பார்க்க நைட்ரஜன்தான் ஏற்ற வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டரோடு யாராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும்.

இரண்டு. புதிதாக மாட்டும்போதும், இடம் மாற்றும்போதும் வேக்யூம் பம்ப் வைக்கச் சொல்லுங்கள். "தேவையில்ல சார்" என்பார்கள். தேவை. கழற்றும்போது கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைக்க வேண்டும். ஓடுகிற ஏ.சி.யில் அதற்குச் சில நிமிடம்தான் ஆகும்.

மூன்று. ஆர்-22 ஏ.சி.யில் ஆர்-290 போட்டால் கரண்ட் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எரியும் கேஸுக்காகச் செய்யாத இயந்திரத்தில் அதைப் போடுவது வீட்டுக்குள் ஆபத்தை வாங்கி வைப்பது. எந்த கேஸ் என்று வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள், அதேதான் போட வேண்டும்.

நான்கு. பழைய ஏ.சி.யை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அவர்கள் செம்புக்காகக் குழாயை வெட்டுவார்கள், அந்த நொடியே கேஸ் போய்விடும். மின்னணுக் கழிவு விதிகளின்படி ஏ.சி.யும் ஃப்ரிட்ஜும் பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்குத்தான் போக வேண்டும். கொஞ்சம் பணம் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் விற்கும் ஒவ்வொருவரும் அந்த ஸ்பேனரைப் பிடிக்கிறோம் என்று நினைவில் இருக்கட்டும்.

ஐந்து. கேஸ் ஒரு பக்கம், கரண்ட் இன்னொரு பக்கம். வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 2020-லிருந்து விற்கும் ஏ.சி.களில் முதலில் வரும் அளவே 24 டிகிரி என்று வைத்ததும் அதனால்தான். இந்தக் கூடத்தில் இப்போது 26, கூடவே ஃபேன் ஓடுகிறது. இதுவரை யாரும் எழுந்து போகவில்லை, என் பேச்சையும் மீறி.

செயலாளரிடமும் குழுவிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். தனித்தனியாக ஒவ்வொருவரும் மெக்கானிக்கோடு வாக்குவாதம் செய்வது கஷ்டம், எனக்குத் தெரியும். அடுத்த பொதுக்குழுவில், வளாகம் முழுவதற்கும் சேர்ந்து ஒரு சர்வீஸ் ஒப்பந்தம் பேசலாம். அதில் மூன்று நிபந்தனை எழுதுவோம். கசிவை அடைக்காமல் கேஸ் இல்லை, வேக்யூம் பம்ப் இல்லாமல் மாட்டுவதில்லை, கேஸைத் திறந்துவிடுவதில்லை. எந்த வீட்டுக்கு எந்தத் தேதியில் எவ்வளவு கிராம் போட்டார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறிப்போம். வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் நம் வளாகம் எவ்வளவு கசியவிட்டது என்று தெரிந்துவிடும். ஹாலி பேயில் அவர்கள் செய்ததும் இதேதான், தினம் தினம் குறித்துவைத்தார்கள். அந்த நோட்டை எழுத நான் தயார். வந்து பார்க்கவும் தயார், காசு வேண்டாம், ஒரு டம்ளர் காபி போதும்.

"நம்ம ஒரு அபார்ட்மென்ட் செஞ்சா உலகம் மாறிடுமா தாத்தா?" என்று என் பேரன் கேட்டான். மாறாதுடா, ஆனா நான் ஒருத்தன் ஆயிரம் கிலோ விட்டிருக்கேன், அதைத் திரும்பப் பிடிக்க முடியாது, இந்த 190 கிலோவையாவது பிடிச்சு வைப்போம் என்றேன்.



(பேச்சாளரின் யோசனை அடுத்த பொதுக்குழு நிகழ்ச்சி நிரலில் சேர்க்கப்பட்டுள்ளது. தங்கள் வீட்டு ஏ.சி.யில் என்ன கேஸ், எந்த ஆண்டு வாங்கியது, கடைசியாக எப்போது கேஸ் போட்டது என்ற விவரங்களை அலுவலகத்தில் வைத்திருக்கும் பதிவேட்டில் குறித்துத் தருமாறு குடியிருப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.)